வேண்டா பிரித்துக் கொடுத்த உணர்ச்சிகள்

வேண்டாவுக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதாக அவள் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்குத் தெரியாவிட்டால் நாளைக்குத் தெரிந்துவிடும் என்பாள். இள்ளலூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். இனிமேல் பெண் வேண்டாம் என்பது சாமிக்கு உறைக்கட்டும் என்று வீட்டில் அந்தப் பேரை வைத்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் வகுப்புக்கு ஒரு வேண்டா இருந்த காலம் அது. சாமிக்கு உறைத்துவிட்டது போலிருக்கிறது, அடுத்தது தம்பி. பேரைக் கேட்டு யாராவது பாவப்பட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது எங்க வூட்ல சாமிக்குப் போட்ட மனு. மனு பாஸாயிடுச்சு. உனுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒன்பதாவது வரை படித்தாள். காசிநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் திருப்போரூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சிறுசேரியில் கட்டடங்கள் எழும்பி, ஊரில் களையெடுக்கக் கூப்பிட ஆளில்லாமல் வயல்கள் மனைகளாகிக் கல் நட்டுக்கொண்டிருந்த சமயத்தில், வேண்டா அதிகம் யோசிக்காமல் தரை துடைக்கும் மாப்பைக் கையில் எடுத்தாள். மூன்றாம் வருஷம் சூப்பர்வைசர் ஆனாள். இப்போது நாற்பத்து மூன்று வயது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்று அவள் பொறுப்பில் இருக்கிறது. அவளையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள். கட்டடம் ஒரு மென்பொருள் கம்பெனியுடையது, பெண்களுக்குச் சம்பளம் போடுவது வேறொரு கான்ட்ராக்ட் கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்பவள் வேண்டா.

துப்புரவு வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. சிவப்புத் துணி கழிப்பறைக்கு, நீலம் மேசைக்கு, பச்சை பேன்ட்ரிக்கு. ஒன்றோடொன்று கலந்தால் வேண்டா சாமியாடிவிடுவாள். ஆனால் தாள் விஷயத்தில் அவளுக்கு அவ்வளவு பக்தி கிடையாது. ஒவ்வொரு கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு கட்டம், எட்டுக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு டிக், ஒரு கையெழுத்து. இந்த உலகத்தில் எந்தக் கழிப்பறையிலாவது அந்தத் தாளை மணிக்கொரு தரம் நிரப்புகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலையில் ஏழரைக்கே எட்டுக் கட்டமும் நிரம்பிவிடும். சுத்தம் சுத்தமாகத்தான் இருக்கும், அதில் வேண்டா ஒரு சொட்டு விட்டுக்கொடுக்க மாட்டாள். வேலை வேலைக்கு, தாள் தாளுக்கு, அவ்வளவுதான் அவள் கட்சி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்த வட்டம் வந்து ஏறிக்கொண்டது.

கொண்டுவந்தவள் ஹரிப்ரியா. கம்பெனியில் ஆட்களின் நலம் பார்க்கும் பிரிவில் இருப்பவள். முப்பது வயதிருக்கும். அப்பா திருநெல்வேலிக்காரர், அணுமின் நிலையத்தில் வேலை, அதனால் அணுபுரம் குடியிருப்பில் வளர்ந்தவள். நல்ல பெண். இந்தக் கதையில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மாடியில் இருக்கும் இன்ஜினியர்கள் தினமும் காலையில் ஒரு நிமிஷம் கூடி நின்று, அன்றைக்குத் தங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று ஆளுக்கு ஓர் ஆங்கில வார்த்தை சொல்வது அந்தக் கம்பெனியின் புது வழக்கம். ஹரிப்ரியா அதைத் தன் டேப்லட்டில் தட்டிக்கொள்வாள். மாதக் கடைசியில் அது படமாக மாறி மேலே போகும். துப்புரவுப் பெண்களை மட்டும் ஏன் விட வேண்டும், அவர்களும் மனுஷர்கள்தானே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே இல்லை.

முதல் நாள் காலை ஏழேகாலுக்குப் பதினான்கு பேரும் சர்வீஸ் லிஃப்ட் முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். ஹரிப்ரியா ஒரு பெரிய அட்டையை விரித்தாள். அதில் வண்ண வண்ணமாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் எழுபத்திரண்டு வார்த்தைகள். மஞ்சளில் சந்தோஷங்கள், நீலத்தில் துக்கங்கள், சிவப்பில் கோபங்கள், ஊதாவில் பயங்கள்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க அக்கா. இன்னிக்கு எப்படி ஃபீல் பண்றீங்க?"

"ஃபைன் மேடம்," என்றாள் மேரி. அடுத்தவளும் ஃபைன். அதற்கடுத்தவளும் ஃபைன். வரிசையாகப் பத்து ஃபைன் வந்ததும் ஹரிப்ரியா சிரித்துக்கொண்டே, "ஃபைன்ங்கிறது ஃபீலிங்கே இல்லக்கா. வட்டத்தில பாத்துச் சொல்லுங்க," என்றாள். அடுத்து நின்ற கண்ணகி வெலவெலத்துப்போய், "குட்மார்னிங் மேடம்" என்றாள். லோகநாயகி, "நல்லாத்தான் கீறோம் மேடம், இன்னாத்த சொல்றது" என்று முந்தானையைத் தேடி, யூனிஃபார்ம் சட்டையில் முந்தானை இல்லாததால் கையைக் கட்டிக்கொண்டாள்.

வேண்டாவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கிளையன்ட் முன்னால் தன் ஆட்கள் முழித்து அவள் பார்த்ததில்லை. "மேடம், அந்த அட்டையில ஒண்ணு எனக்கு கலர் ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. ரெண்டு வாரம் டைம் குடுங்க," என்றாள்.

வீட்டுச் சுவரில் அதை ஒட்டியதும் காசிநாதன் பார்த்துவிட்டு, "இன்னாமே, சக்கர கோலமா?" என்றான்.

"மனசுல இருக்கிறதெல்லாம் இதுல கீது. நீ டீ குடிச்சிட்டு கெளம்பு."

உச்சரிப்பை ஃபோன் சொல்லிக் கொடுத்தது. ஒரு வார்த்தையைப் படம் பிடித்துக் காட்டினால் அது பெண் குரலில் வாய் நிறையச் சொல்லும், வேண்டா சோற்றைக் கிளறிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். அர்த்தம் மட்டும் ஃபோனிடம் சரியாகக் கிடைக்கவில்லை. அது சொன்ன தமிழ், சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதற்கு நாலாவது மாடி பேன்ட்ரியில் பிரவின்குமார் கிடைத்தான். காபி மெஷின் முன்னால் பாதி நாளைக் கழிக்கும் இன்ஜினியர் அவன்.

"தம்பி, இந்த ஓவர்வெல்ம்டுன்னா இன்னாப்பா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு கையிலயும் பக்கெட் இருக்கு. ஃபோன் அடிக்குது. அந்த நேரம் பாத்து லிஃப்ட்டும் வந்துடுச்சு. அப்ப எப்படி இருக்கும்? அதான்க்கா."

"ஓ. அப்ப ஃபிரஸ்ட்ரேட்டட்?"

"இப்பதான் தொடச்சிட்டு நிமிர்றீங்க. ஒருத்தன் ஷூவோட நடந்து போறான்."

"போதும், புரிஞ்சிபோச்சு," என்றாள் வேண்டா. உண்மையிலேயே புரிந்துபோனது.

சொன்ன கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே எழுபத்திரண்டும் அவள் கைக்குள் வந்துவிட்டன. அவளுக்கு அதில் ஒரு குஷி பிறந்துவிட்டதையும் சொல்ல வேண்டும். ஆட்டோவில் வரும்போது, தையூர்ப் பக்கம் ஏரி தெரியும் இடத்தில் மனசு லேசாகும் இல்லையா, அதற்குப் பீஸ்ஃபுல். மகள் கல்லூரியிலிருந்து வரும் பஸ் தாமதமானால் வாசலுக்கும் அடுப்புக்குமாகக் கால் நடக்கும் இல்லையா, அதற்கு ஆங்சியஸ். தமிழில் இதற்கெல்லாம் வார்த்தை இல்லாமலா போயிற்று? கூடை கூடையாக இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைகளைச் சொல் என்று தமிழிலும் யாரும் அவளைக் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்கப்பட்டதெல்லாம் ஆச்சா, முடிஞ்சிதா, எப்ப முடியும். அதனால் அந்த இரண்டு வாரமும் அவள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள்.

சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம். சூப்பர்வைசர் புத்தி விடுமா? ஆட்களுக்கு மாடியைப் பிரித்துக் கொடுப்பது போலவே வார்த்தைகளையும் பிரித்துக் கொடுத்தாள். நோட்டில் கட்டம் போட்டாள். மேரிக்கு கிரேட்ஃபுல். லோகநாயகிக்கு ஹோப்ஃபுல். கண்ணகிக்கு சியர்ஃபுல். சுஜாதாவுக்கு எக்ஸைட்டட். ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே மஞ்சள் பக்கத்து வார்த்தைகள்.

"யக்கா, நான் அன்னிக்கு டல்லா இருந்தா?" என்று கண்ணகி கேட்டாள்.

"டல்லா இருந்தா உன் வூட்ல இரு. இங்க சியர்ஃபுல்."

வேண்டா ஈரமில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு வேலை பார்த்த கட்டடத்தில் ஒருத்தி, பெரிய அதிகாரி அன்பாக விசாரிக்கிறாரே என்று நம்பி, "கஷ்டமா கீது சார்" என்று மனம் விட்டுச் சொன்னாள். அடுத்த மாதம் சம்பள லிஸ்டில் அவள் பேர் இல்லை. அதை வேண்டா கண்ணால் பார்த்திருக்கிறாள். கேட்கிறவர்களுக்கு வேண்டியது டிக். டிக்கைக் கொடுத்துவிட்டால் நம்மை விட்டுவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளை ஏழரைக்கே நிரப்புவது போல, பதிமூன்று பேர் மனசையும் அவள் மாத ஆரம்பத்திலேயே நிரப்பி வைத்தாள்.

பிறகென்ன, தூள் பறந்தது. தினமும் காலையில் பதினான்கு பெண்களும் தலை நிமிர்ந்து, ஐயாம் ஃபீலிங் கிரேட்ஃபுல், ஐயாம் ஃபீலிங் ஹோப்ஃபுல் என்று கணீரென்று சொன்னார்கள். முட்டுக்காட்டில் மீன் விற்ற குரல் மேரிக்கு, லிஃப்ட் கதவு அதிரும். ஹரிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் மாதப் படம் வந்தது. கட்டடத்திலேயே அதிக மகிழ்ச்சியான குழு துப்புரவுக் குழு, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. கேக் வெட்டினார்கள். கான்ட்ராக்ட் கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஜானகிராமன் பூங்கொத்தோடு வந்து வேண்டாவுடன் படம் எடுத்துக்கொண்டு, மற்ற கட்டடங்களின் சூப்பர்வைசர்களுக்கெல்லாம் அனுப்பி, பாருங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார். வேண்டா அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பார்த்தசாரதி அளக்கும் டேப் எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

கட்டடத்தின் நிர்வாகம் முழுக்கப் பார்த்தசாரதி கையில். ஏசி, லிஃப்ட், நாற்காலி, இடம் எல்லாம் அவர் சொல்வதுதான். அவர் அளந்தது அடித்தளத்தில் சர்வீஸ் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் பெண்களின் அறையை. பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு ஃபேன், சுவர் நெடுக ஆணி, ஆணிக்கொரு பை, கீழே இரண்டு பாய். வந்ததும் புடவையை அவிழ்த்துவிட்டு யூனிஃபார்ம் போடுவது அங்கே. சாப்பிடுவது அங்கே. மாமல்லபுரத்திலிருந்து விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வரும் லோகநாயகி மதியம் இருபது நிமிஷம் முதுகைச் சாய்ப்பது அங்கே. ஏழு மாடியில் அவர்களுக்கென்று இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

"இன்னா சார் அளக்கறீங்க? பெயின்ட்டா?" என்றாள் வேண்டா.

"இல்லம்மா. இத வெல்னஸ் ரூமா மாத்தறோம். மேல இருக்கிற பசங்க படம் முழுக்கச் செவப்பு. ஸ்ட்ரெஸ். கண்ண மூடி உக்கார அமைதியா ஒரு எடம் வேணும்னு மேனேஜ்மென்ட் கேக்குது. வேற எடம் இல்ல."

"அப்ப நாங்க?"

"பைய பார்க்கிங் பக்கத்து லாக்கர்ல வச்சிக்கோங்க. டிரைவர்ஸ் சாப்பிடற எடத்திலயே சாப்பிட்டுக்கலாம். டிரெஸ் டாய்லெட்ல மாத்திக்கலாமே." அவர் டேப்பைச் சுருட்டினார். குரலில் கடுமை எதுவும் இல்லை. "உங்க டீம் டேட்டா பாத்தேன்மா. தொண்ணூத்தேழு. ரெஸ்ட் தேவைப்படற டீம் மாதிரியே தெரியல. ரியலி, ஐயாம் ப்ரௌட் ஆஃப் யூ. திங்கக்கெழம கார்பென்டர் வருவாரு."

வேண்டா எதிர்த்துச் சொல்ல வாயெடுத்தால், தான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளே குறுக்கே நின்றன.

மதியம் அறையில் விஷயம் தெரிந்ததும் யாரும் சாப்பிடவில்லை. லோகநாயகிதான் முதலில் வெடித்தாள். "ஹோப்ஃபுல்லாம் ஹோப்ஃபுல்லு! மூணு மாசமா முட்டி வலியோட நின்னுகினு சொன்னேன். உன் நோட்டுல நீ எழுதிக் குடுத்தத சொன்னேன். இப்ப பாரு, எனக்கு வலியே இல்லன்னு அவன் படம் போட்டு வச்சிகிறான். எங்க வாயில நீதானே திணிச்ச?"

வேண்டாவுக்குக் கோபமாக வந்தது, அந்தக் கோபம் முழுக்கத் தன்மேல்தான் என்று தெரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, நேராக ஆறாவது மாடிக்கு ஏறினாள். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை.

"மேடம், அந்தத் தொண்ணூத்தேழு பொய்," என்றாள் ஹரிப்ரியாவிடம். "அவங்க யாரும் அத ஃபீல் பண்ணல. நான் நோட்டுல எழுதி ஆளுக்கு ஒண்ணா குடுத்தேன். அவங்க மேல ஒரு தப்பும் கெடயாது."

ஹரிப்ரியாவின் முகம் சுருங்கிவிட்டது. "அத நான் பெரிய மீட்டிங்கில காட்டியிருக்கேன்கா. உங்கள முழுசா நம்பினேன்."

"நானுந்தான் மேடம் நம்பினேன். வார்த்தைய சொல்லிட்டா வேல முடிஞ்சிதுன்னு நம்பினேன்."

ஹரிப்ரியா டேப்லட்டை மூடி வைத்தாள். "நீங்க ஒருத்தர் வந்து பொய்னு சொன்னா பார்த்தசாரதி சார் ஒத்துக்க மாட்டார். ரூம் போகுதுன்னு மாத்திப் பேசறாங்கன்னுதான் சொல்வார். வெள்ளிக்கெழம காலைல அவரையும் கூட்டிட்டு வர்றேன். அன்னிக்கு எல்லாரும் நிஜத்தச் சொல்லட்டும். எனக்கு வேற வழி தெரியல அக்கா."

வியாழக்கிழமை மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டா வீட்டுச் சுவரிலிருந்து எடுத்துவந்த ஜெராக்ஸைப் பாயில் விரித்தாள். "நாளைக்கு யாருக்கு இன்னா வார்த்தைன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னா இருக்குதோ தமிழ்ல சொல்லுங்க. வட்டத்துல அது எங்க கீதுன்னு மட்டும் காட்டறேன். பயமா இருந்தா ஃபைன்னு சொல்லிட்டுப் போங்க, ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கேட்டுப் பழகாத கேள்விக்குப் பதில் உடனே வந்துவிடுமா? கடைசியில் கண்ணகி ஆரம்பித்தாள். கழிப்பறையில் புடவையை மாற்றினால் ஈரத் தரையில் முந்தானை படும், வெளியே யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது என்றாள். வேண்டா விரலை நகர்த்தி அஷேம்டு என்ற இடத்தில் வைத்தாள். மேரி, காலையில் வரும்போது இருக்கும் தெம்பு மதியத்துக்கு மேல் இல்லை என்றாள். எக்ஸாஸ்டட். லோகநாயகி தன் வார்த்தையைத் தானே கண்டுபிடித்தாள், அது சிவப்பின் நட்ட நடுவில் இருந்தது. ஒருத்தி வயித்தெரிச்சல் என்றாள். வட்டத்தை இரண்டு முறை சுற்றி வந்தும் வேண்டாவுக்கு அது அகப்படவில்லை.

"இவங்க கிட்ட அது இல்ல போல. நீ அத அப்படியே தமிழ்ல சொல்லு," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏழேகாலுக்குப் பார்த்தசாரதி கையில் காபியோடு வந்து நின்றார். ஹரிப்ரியா டேப்லட்டைத் திறந்தாள். மேரி எக்ஸாஸ்டட் என்றாள். அடுத்தவள் வொரீடு. கண்ணகி அஷேம்டு என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதையும் தமிழில் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் காதெல்லாம் சிவந்துவிட்டது. லோகநாயகி ஆங்ரி என்று ஒரே வார்த்தையில் நிறுத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். வயித்தெரிச்சல் வந்ததும் ஹரிப்ரியா ஒரு நொடி நிறுத்தி, பிறகு அதை அப்படியே தமிழில் தட்டினாள்.

பார்த்தசாரதி கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். இது நேத்து உக்காந்து ரிகர்சல் பண்ணது. மூணு மாசம் மஞ்சள், இன்னிக்குத் திடீர்னு செவப்பா? ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்."

வேண்டா பேச வாயெடுத்தாள். அதற்குள் அடுத்து நின்ற சுஜாதாவின் முறை வந்துவிட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சுஜாதா திருதிருவென்று விழித்தாள்.

"மன்னிச்சிக்கோ யக்கா," என்றாள் வேண்டாவைப் பார்த்து. பிறகு, "ஐயாம் ஹாப்பி சார்," என்றாள். "ரூம் போனா கஷ்டந்தான். ஆனா எங்க அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சி நேத்து சாயங்காலம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில பொண்ணு பொறந்துகீது. நான் இன்னா பண்றது, எனக்கு வேற எதுவும் வரமாட்டேங்குது."

லோகநாயகிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணகி ஈரக் கண்ணோடு சுஜாதாவின் முதுகில் ஒன்று வைத்தாள். பார்த்தசாரதி அந்த வரிசையை முதல்முறையாகப் பார்ப்பது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். ரிகர்சல் செய்தவர்கள் நடுவில் இப்படி ஒருத்தியை விட்டுவைக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியாததல்ல. காபியை எடுத்துக்கொண்டார். "திங்கக்கெழம கார்பென்டர வர வேண்டாம்னு சொல்றேன்," என்றார். "வேற எடம் பாக்கறேன்." வேண்டாவின் முறை வருவதற்குள் லிஃப்ட்டில் ஏறிவிட்டார்.

அறை தப்பித்தது. அஞ்சாவது மாடியில் யாரும் உபயோகிக்காத ஒரு மீட்டிங் அறை இருப்பது அடுத்த வாரம் அவருக்கே ஞாபகம் வந்தது. அதைக் கண்ணை மூடி உட்காரும் அறையாக மாற்றி, மெத்தைப் பைகளைப் போட்டார்கள். அதையும் துடைப்பது இவர்கள்தான். பிரவின்குமார் இப்போது பாதி நாளை அங்கே கழிக்கிறான்.

ஆனால் மாதப் படம் வந்தபோது துப்புரவுக் குழு நூற்றுக்கு முப்பத்தொன்றில் நின்றது. கட்டடத்திலேயே கடைசி. ஜானகிராமன் பூங்கொத்து இல்லாமல் வந்தார். அடித்தள அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"வார்னிங் லெட்டர்மா, உன் பதிலையும் அதுலயே டைப் பண்ணியாச்சு. பயப்படாத, வேல போகாது. ஃபைல்ல இருக்கணும், அவ்ளோதான். எப்பவும்போல கீழ கையெழுத்து போட்டுக் குடுத்துடு."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ தாள்களில் அவள் கீழே போட்டுக் கொடுத்திருக்கிறாள். மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை, பார்த்தாலும் புரிந்திருக்காது. இந்த முறை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். எட்டு வரி ஆங்கிலம். விரலை வைத்து வைத்துப் படித்தாள். ஜானகிராமன் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது வரியில் அவள் விரல் நின்றது.

"சார், இதுல ஐ ரிக்ரெட்னு போட்டுகீதே."

"ஆமா. வருத்தம் தெரிவிக்கிறேன்னு அர்த்தம். எல்லா லெட்டர்லயும் வரும்மா, சும்மா ஃபார்மாலிட்டி."

"தெரியும் சார் அந்த வார்த்த, வட்டத்துல கீது. எதுக்கு வருத்தம்னு போட்டுகீது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு உன் டீம் கிளையன்ட் முன்னாடி நடந்துகிட்ட முறைக்கு."

"அதுக்கு எனக்கு வருத்தம் இல்ல சார்."

"ஐயோ, கையெழுத்து இல்லாம நான் இத எடுத்துட்டுப் போக முடியாதும்மா. மேல என்னைக் கேப்பாங்க."

"போட மாட்டேன்னு நான் சொல்லலியே." வேண்டாவின் குரல் உயரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் சார். மூணு மாசம் பதிமூணு பேர் வாயில பொய்ய வச்சேன். முட்டி வலிக்கிறவள ஹோப்ஃபுல்லுன்னு சொல்ல வச்சேன். அதுக்கு ரிக்ரெட் கீது, எனக்குத் தூக்கம் வராத அளவுக்குக் கீது. அத எழுதுங்க, இப்பவே போடறேன். அவங்க நெஜத்த சொன்னதுக்கு வருத்தம்னு எழுதினா நான் எப்படிப் போடறது? அது என் மனசுல இல்லியே சார்."

ஜானகிராமன் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். வெளியே சர்வீஸ் லிஃப்ட் வந்து நின்று, மறுபடி மேலே போயிற்று. வேண்டா கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டாள். நான்காவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்த இடத்தில், பெரிய எழுத்தாக, ஒவ்வொன்றாக, மூன்று மாதம் பொய் வார்த்தைகள் கொடுத்தேன், அதற்கு வருந்துகிறேன் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். ரிக்ரெட்டுக்கு எழுத்து சந்தேகமாக இருந்தது, தான் அடித்த வரியிலிருந்தே பார்த்து எழுதிக்கொண்டாள். கீழே தன் பேரைத் தமிழில் போட்டு, தாளை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று திரும்பினார்.

"மேல கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?"

"நான்தான் எழுதினேன்னு சொல்லுங்க சார்," என்றாள் வேண்டா.